வீட்டில் நாய் குளிப்பாட்டும் இடம் அமைப்பது எப்படி? தரை முதல் வடிகால் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாயைக் குளிப்பாட்ட வீட்டில் ஓர் இடம் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குழாயைப் பற்றியும் ஷாம்புவைப் பற்றியும் முதலில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது தரையைப் பற்றி. குளிக்கும்போது நாய் முரண்டு பிடிப்பதற்குத் தண்ணீர் மீதுள்ள வெறுப்பைவிட, ஈரத் தரையில் கால் வழுக்கிவிடும் என்ற அச்சமே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. ஏரியிலும் வாய்க்காலிலும் தானாகவே இறங்கி நீந்தும் லாப்ரடார், வழவழப்பான குளியலறை டைல்ஸ் மீது நடுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தரைக்கு அடுத்தபடியாக, ஊற்றிய தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு விரைவாக, எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளலாம். இவை தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த ஷவரை மாட்டினாலும் நாய்க்கும் நமக்கும் ஒவ்வொரு குளியலும் போராட்டமாகவே முடியும்.

இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டின் வெயில், மழை, தண்ணீர், கட்டட முறை ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு முழு அமைப்பையும், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இருக்கும் குளியலறையையே ஏற்றதாக மாற்றும் முறையையும் விளக்கியிருக்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தனி வீடாக இருந்தால், கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல் இருக்கும் மூலையை முதலில் பாருங்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் அங்கே ஏற்கெனவே ஒரு குழாயும், சிமெண்டு பூசிய தரையும், தண்ணீர் வெளியேற ஒரு வழியும் இருக்கின்றன. புதிதாகக் குழாய் இழுத்து, புதிதாக வடிகால் தோண்டுவதைவிட இந்த மூலையைச் செப்பனிடுவது செலவிலும் வேலையிலும் பாதிக்கும் குறைவாக முடியும். துவைக்கும் கல் இப்போது பயன்பாட்டில் இல்லை என்றால், அதன் உயரமும் அகலமும் சிறிய நாய்க்குக் குளியல் மேடையாகவே பொருந்திவிடும்.

மூலையாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு பக்கம் சுவர் இருந்தால் நாய் தப்பி ஓடுவதற்கான திசைகள் பாதியாகக் குறைகின்றன. குளிப்பாட்டுபவர் மூன்றாவது பக்கத்தில் நின்றால், கண்காணிக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம்தான். அந்தத் திறந்த பக்கம் தெருக் கதவைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. நுரையோடு தெருவுக்கு ஓடிவிட்ட நாயைப் பிடிப்பது கடினம். அதைவிட முக்கியமாக, அது வண்டியில் அடிபடும் ஆபத்து உண்டு.

நிழல் கட்டாயம் வேண்டும். வேப்ப மரமோ புங்க மரமோ பக்கத்தில் இருந்தால் அதன் நிழலே போதும். மரம் இல்லாத இடத்தில் கூரை போடுவதாக இருந்தால், தகரத் தகடு வெப்பத்தைக் கீழே இறக்கும் என்பதால், உயரமாகப் போட்டு பக்கங்களைத் திறந்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் காலை வெயில் ஒரு மணி நேரமாவது தரையில் விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது. குளித்த பிறகு தரையும் விரிப்பும் காய்வதற்கு அந்த வெயில் பெரிதும் உதவும்.

மொட்டை மாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சித்திரை, வைகாசி மாதங்களில் தளத்தின் சூடு நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பயந்த நாய் அதைத் தாண்டிக் குதிக்கவும் கூடும். இவை தவிர மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. கழிவுநீரைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைச் சொல்கிறேன்.

மேடை: எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம்

குளிப்பாட்டுபவரின் முதுகு வலிக்காமல் இருக்க வேண்டுமானால் நாயின் முதுகு அவருடைய இடுப்பளவு உயரத்துக்கு வர வேண்டும். இதை வைத்து மேடையின் உயரத்தை எளிதாகக் கணக்கிடலாம். உங்கள் இடுப்பு உயரத்திலிருந்து, நாய் நிற்கும்போது அதன் தோள்பட்டை இருக்கும் உயரத்தைக் கழித்தால் வருவதே மேடையின் உயரம். இடுப்பு உயரம் மூன்றேகால் அடி என்று வைத்துக்கொண்டால், தோள் வரை ஏறக்குறைய 2 அடி உயரமுள்ள லாப்ரடாருக்கு ஒன்றேகால் அடி உயர மேடை போதும். 1 அடி உயரமே உள்ள பக் அல்லது சிறிய பொமரேனியனுக்கு இரண்டேகால் அடி வேண்டியிருக்கும். ராஜபாளையம் போன்ற உயரமான நாய்க்கு முக்கால் அடி மேடையே மிகுதி. தரையோடு தரையாக இருந்தாலும் தவறில்லை.

வீட்டில் ஒரே ஒரு நாய்தான் இருக்கிறது என்றாலும், அது வயதாகும் என்பதை நினைவில் கொண்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். இன்று ஒரே தாவலில் ஏறும் நாய் பத்து வயதில் இடுப்பு மூட்டு வலியோடு ஏறத் தயங்கும். 30 கிலோ எடையுள்ள நாயை ஈரக் கையோடு தூக்கி இறக்குவது இருவருக்குமே ஆபத்து. ஆகவே 1 அடிக்கு மேல் உயரமுள்ள மேடைக்கு, ஒவ்வொன்றும் 7 அங்குல உயரத்துக்கு மிகாத, அகலமான படிகளையோ, தேங்காய் நார் மிதியடி அறைந்த ஒரு சாய்வுப் பலகையையோ தொடக்கத்திலேயே திட்டமிட்டு வைக்க வேண்டும்.

நீளம், அகலத்தைப் பொறுத்தவரை பெரிய நாய்க்கு 4 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதுமானவை. அதைவிடப் பெரிதாகக் கட்டினால் நாய் அங்கும் இங்கும் நகர இடம் கிடைக்குமே தவிர, நமக்கு வசதி கூடாது. மேடையைச் செங்கல்லிலோ சிமெண்டு பிளாக்கிலோ கட்டி, மேலே காங்கிரீட் பலகம் போடலாம். திறந்த விளிம்புகளைக் கொத்தனாரிடம் சொல்லி உருட்டிப் பூசச் செய்யுங்கள். கூரான விளிம்பில் நாயின் கால் உரசினால் தோல் கிழிந்துவிடும்.

தரையும் வாட்டமும்

மேடையின் மேற்பரப்பில்தான் பணத்தையும் கவனத்தையும் செலவிட வேண்டும். மெருகேற்றிய கடப்பா கல்லும் கிரானைட்டும் ஈரத்தில் வழுக்கும். அவை அடுக்களை மேடைக்கு ஏற்றவை, இதற்கு ஏற்றவை அல்ல. பளபளப்பான குளியலறை டைல்ஸும் அப்படியே. செலவு குறைந்த நல்ல வழி, சிமெண்டுப் பூச்சு காய்வதற்கு முன் அதன் மீது தென்னந்துடைப்பத்தால் குறுக்காக மெல்லிய கோடுகள் இழுத்துவிடுவது. கோடுகள் ஆழமாக இருந்தால் பாதத்தை அராவும், அழுக்கும் தங்கும். கையால் தடவினால் சொரசொரப்பு தெரிய வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால், போர்டிகோவில் பதிக்கும் பார்க்கிங் டைல்ஸ் மிகவும் பொருத்தமானவை. அவற்றில் வரிப்பள்ளம் குறைவாக உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தால் கழுவுவது எளிது.

எந்தத் தரையாக இருந்தாலும் அதன் மேல் துளைகள் உள்ள ரப்பர் விரிப்பு ஒன்றைப் போடுவதை நான் வலியுறுத்துவேன். தண்ணீர் துளை வழியாகக் கீழே இறங்கிவிடுவதால் நாயின் கால் நுரையில் நிற்காது. விரிப்பு மேடையின் முழு அளவுக்கும் இருக்க வேண்டும். சிறிய விரிப்பு போட்டால், அது நகரும்போதுதான் நாய் மிகவும் பயப்படும்.

இனி வாட்டம். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் கொடுத்தால், 4 அடி நீள மேடையில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 1 அங்குலம் வித்தியாசம் வரும். தண்ணீர் தேங்காமல் ஓட இது போதும்; இதற்கு மேல் சரித்தால் நாய் நிலைகொள்ளச் சிரமப்படும். வாட்டம் உங்கள் காலை நோக்கி இல்லாமல் சுவர்ப் பக்க மூலையை நோக்கி இருக்க வேண்டும். பூச்சு முடிந்ததும் கொத்தனார் கிளம்புவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டை போலத் தேங்கினால் அப்போதே சரிசெய்துவிடலாம். டைல்ஸ் பதித்துக் காய்ந்த பிறகு உடைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

சுவரின் அடிப்பகுதியிலும் டைல்ஸ் இடைவெளிகளிலும் விரிசல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தனியாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை அழகு சார்ந்த விஷயமாக நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு நிற உண்ணி, இரத்தம் குடித்து முடித்ததும் நாயிலிருந்து இறங்கிச் சுவர் விரிசலிலும் கல் இடுக்கிலும் புகுந்துகொண்டு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எர்லிக்கியா, பேபீசியா போன்ற கிருமிகளால் வரும் உண்ணிக் காய்ச்சலை நாய்க்குப் பரப்புவது இதே உண்ணிதான். நாய் அடிக்கடி நிற்கும் இடத்தில் இடுக்குகள் இருந்தால், குளிப்பாட்டும் இடமே உண்ணி பெருகும் இடமாக மாறிவிடும். எனவே சுவரை 4 அடி உயரம் வரை வழவழப்பாகப் பூசுங்கள். அல்லது டைல்ஸ் பதித்து, இடைவெளிகளை எபாக்சி என்னும் நீர் புகாத பசை கொண்டு நிரப்புங்கள். வழுக்கக் கூடாதது தரை மட்டுமே. சுவர் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வடிகாலும் கழிவுநீரும்

நாய் முடியும் ஷாம்பு நுரையும் சேர்ந்தால் சிறிய குழாய் சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும். ஆகவே 3 அங்குலக் குழாய் போடுங்கள். அதன் வாயில் கழற்றி மாட்டக்கூடிய எவர்சில்வர் ஜல்லடையும், அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்பும் இருக்கட்டும். டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் கரப்பான்பூச்சியையும் நாற்றத்தையும் மேலே வராமல் தடுக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை மட்டுமே பயன்படும் இடத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும் என்பதால், வாரம் ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஜல்லடையின் மேல் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை விரித்தால் மெல்லிய முடியும் அதிலேயே நின்றுவிடும். குளியல் முடிந்ததும் அதைச் சுருட்டிக் குப்பையில் போடலாம்.

அந்தத் தண்ணீர் இறுதியில் எங்கே போகிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே கண்டறிய வேண்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய்களும், பல வீடுகளில் பால்கனிக் குழாய்களும், பக்கவாட்டு நடைபாதையின் கம்பிவலைக் கால்வாயும் அந்தச் சேகரிப்புக் குழிக்கோ நேராகக் கிணற்றுக்கோதான் செல்கின்றன. நாயைக் குளிப்பாட்டிய தண்ணீர் அதில் கலந்தால், ஷாம்புவும் அழுக்கும் உண்ணி மருந்தும் நீங்கள் இறைத்துப் பயன்படுத்தும் நிலத்தடி நீரிலேயே போய்ச் சேரும். மொட்டை மாடி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவே முதன்மையான காரணம். உங்கள் குளியல் மேடையின் குழாய் பாதாளச் சாக்கடையோடு இணைந்த தொட்டிக்கோ, பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் கிணற்றிலிருந்து தள்ளியிருக்கும் உறிஞ்சு குழிக்கோ செல்ல வேண்டும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி, தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சாதாரண ஷாம்புத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் பாய விடலாம். இரண்டும் அதைத் தாங்கும். மருந்து கலந்த தண்ணீரை மட்டும் கீரைப் பாத்தி, மீன் தொட்டி, குளம், மாட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பக்கமே விடக் கூடாது. உண்ணிக்கான மருந்துகள் பலவும் மீன்களுக்குக் கடும் நஞ்சு.

எங்கேயும் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதற்குக் கொசு மட்டும் காரணமல்ல. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி உயிரோடிருக்கிறது. அது நாயையும் தாக்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். திறந்த சாக்கடையை ஒட்டி மேடை அமைந்திருந்தால் அந்தப் பகுதியைக் கல் பலகை போட்டு மூடிவிடுங்கள்.

தண்ணீர், குழாய், அழுத்தம்

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வேகம் இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு. தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டின் கொல்லையில் அரை பார் கூடக் கிடைக்காது. நாயைக் குளிப்பாட்ட இது குறையே அல்ல. மெதுவாக வரும் தண்ணீர் நாயைப் பயமுறுத்தாது. நாட்டு நாய், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாய்களுக்கு வாளியும் குவளையுமே போதும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் போன்று அடிமுடி அடர்ந்த நாய்களுக்குத் தண்ணீர் தோல் வரை இறங்க வேண்டும் என்பதால் கை ஷவர் தேவைப்படும். அதைத் தூரத்திலிருந்து பீய்ச்சாமல் தோலோடு ஒட்டிப் பிடித்தால் குறைந்த வேகத்திலேயே நன்றாக நனையும், சத்தமும் இருக்காது. பிரஷர் பம்பு வாங்குவதற்கு முன் இந்த முறையைச் செய்து பாருங்கள்; பெரும்பாலும் பம்பு தேவைப்படாது.

கழிவறைகளில் மாட்டும் ஹெல்த் ஃபாசெட்டோடு பெரும்பாலும் 1 மீட்டர் குழாய்தான் வரும். நாயின் மறுபக்கம் வரை சுற்றி வர அது எட்டாது. 2 மீட்டர் நீளமுள்ள குழாயைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். திறக்கும் வால்வு, ஒரு கையை நாயின் மீது வைத்தபடியே மறு கையால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சூட்டைப் பொறுத்தவரை, நமக்கு இதமாக இருக்கும் வெந்நீர் நாய்க்குச் சூடாக இருக்கக்கூடும். முழங்கையின் உட்பக்கத்தில் ஊற்றிப் பார்க்கும்போது சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் சரி. கோடையில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் கொதிநீராகவே இருக்கும். அதை வாளியில் பிடித்துவிட்டு, அடுத்து வருவதைச் சோதித்த பிறகே நாயின் மீது விடுங்கள். ஐப்பசி முதல் தை வரை, குறிப்பாக உடலில் கொழுப்பு குறைந்த சிப்பிப்பாறைக்கும், குட்டிகளுக்கும், வயதான நாய்களுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் அவசியம். அதற்குக் கீசர் இணைப்பு வேண்டும் என்பதில்லை. அடுப்பில் சுட வைத்து வாளியில் விளாவி எடுத்து வந்தாலே போதும்.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பகுதிகளிலும் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். அதில் நுரை எளிதில் வராது என்பதால் ஷாம்புவை மேலும் மேலும் ஊற்றத் தோன்றும். அது முழுவதும் அலசப்படாமல் தோலில் தங்கி அரிப்பை உண்டாக்கும். சாதாரண ஷாம்புவை அளவாக எடுத்து, ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: மேடையிலிருந்து நனையக்கூடிய தொலைவில் எந்த பிளக்கும் இருக்கக் கூடாது. உலர்த்தும் கருவியைக் காய்ந்த வேறோர் இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும். கீசர் இருந்தால் அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள்.

கொக்கியும் கைக்கு எட்டும் பொருட்களும்

சுவரில் இரண்டு எவர்சில்வர் வளையங்களை, நாய் நிற்கும்போது அதன் தோள் இருக்கும் உயரத்தில் பதியுங்கள். கயிறு 1 அடிக்கு மேல் போகக் கூடாது. கயிறு நீளமாக இருந்து நாய் மேடையிலிருந்து குதித்தால் கழுத்தில் இறுகித் தொங்கிவிடும். இந்த ஆபத்து உண்மையானது. இறுகும் சங்கிலியைக் குளியலின்போது எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸோ அகலமான துணிப் பட்டையோ போட்டு, ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போடுங்கள். கட்டிவிட்டு, ஒரு நொடி கூட நாயைத் தனியாக விட்டுச் செல்லக் கூடாது.

அந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் தேவையானவை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். சுவரில் ஒரு மாடம் விடுங்கள், அல்லது துளையுள்ள பிளாஸ்டிக் கூடையை ஆணியில் மாட்டுங்கள். கரைத்து வைத்த ஷாம்பு, ரப்பர் பிரஷ், குவளை, பஞ்சு, முகம் துடைக்கும் துணி, உண்ணி எடுக்கும் இடுக்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய சிறிய பாட்டில், குறைந்தது இரண்டு பெரிய துண்டுகள் ஆகியவை அங்கே இருக்கட்டும். துண்டு மட்டும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் தொங்க வேண்டும்.

ஷாம்புவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது; நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் ஷாம்புவும் சோப்பும் அதற்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். சீயக்காய் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கிருமிநாசினித் திரவங்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும், உண்ணிக்காக மண்ணெண்ணெய் தடவுவதும் இன்றும் பல வீடுகளில் நடக்கின்றன. நாய் தன் உடலை நக்கும் பழக்கமுள்ளது என்பதால் இவை வயிற்றுக்குள் சென்று நஞ்சாகும். தயவுசெய்து செய்யாதீர்கள். வேப்பிலை கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கடைசியாக ஊற்றுவதில் தவறில்லை, ஆனால் அது உண்ணி மருந்துக்கு ஈடாகாது.

அடுக்குமாடி வீட்டில்

பால்கனியைக் குளிப்பாட்டும் இடமாக்குவதைத் தவிர்க்க வேண்டும். அந்தத் தளம் நீர்க்கசிவைத் தாங்கும்படி போடப்பட்டிருக்காது என்பதோடு, முன்பே சொன்னது போல அதன் குழாய் மழைநீர்க் குழாயோடு இணைந்திருக்கவும் கூடும். குளியலறையே சரியான இடம். தரையின் ஈரம் படும் பகுதி முழுவதற்கும் ரப்பர் விரிப்பு வாங்கி வைத்துக்கொண்டு, குளிக்கும்போது மட்டும் விரியுங்கள். இந்தியன் டாய்லெட் உள்ள குளியலறையாக இருந்தால் அதன் மேல் கனமான, நகராத பலகை ஒன்றை வைத்து மூடிய பிறகே நாயை உள்ளே அழைத்து வாருங்கள். பயந்து பின்வாங்கும் நாயின் பின்னங்கால் அதற்குள் இறங்கினால் எலும்பு முறியக்கூடும். ஆசிட், பினாயில் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

சிறிய நாய்க்கு, குழந்தைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப் நன்றாகப் பயன்படும். அதன் அடியிலும் ஒரு ரப்பர் விரிப்பு வேண்டும். பெரிய நாய்க்குத் தரையிலேயே நிற்க வைத்து, நீங்கள் தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துகொள்வதே முதுகுக்கு நல்லது.

நாயைப் பழக்குதல்

மேடை தயாரான அன்றே குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள். முதல் சில நாட்களுக்கு அது காய்ந்தபடியே இருக்கட்டும். நாய்க்கு வேகவைத்த கோழித் துண்டையோ அது விரும்பும் வேறு தின்பண்டத்தையோ அங்கே வைத்துக் கொடுங்கள். தானாக ஏறி நிற்கத் தொடங்கியதும் கயிற்றை மாட்டி உடனே அவிழ்த்துவிடுங்கள். பிறகு குழாயைத் திறந்து சத்தத்தை மட்டும் கேட்க விடுங்கள். அதன் பிறகு பாதத்தை மட்டும் நனையுங்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் வாலை ஒடுக்கிக்கொண்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினாலோ, முந்தைய கட்டத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள். குளிக்கும் நேரத்தில் எதிரே உள்ள சுவர் டைல்ஸில் கெட்டித் தயிரைக் கொஞ்சம் பூசி வைத்தால், அதை நக்குவதில் நாய் மும்முரமாகிவிடும்.

வெள்ளை ராஜபாளையம் நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படிப்பட்ட நாயின் பின்னாலிருந்து திடீரென்று தண்ணீர் ஊற்றுவது அதற்குப் பேரச்சத்தைத் தரும். முன்னால் வந்து முகத்தைக் காட்டி, உடலில் கை வைத்து, அந்தக் கையின் மீதே முதலில் தண்ணீரை விட்டு, அங்கிருந்து மெல்லப் பரவ விடுங்கள்.

குளிப்பாட்டும் வரிசை

காலை வேளையே நல்லது; மாலையில் குளிப்பாட்டினால் முடி காய்வதற்குள் இரவாகிவிடும். முதலில் காய்ந்த உடலில் சீவிச் சிக்கெடுங்கள், ஏனென்றால் நனைந்த சிக்கு மேலும் இறுகும். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலில் போடுங்கள். நகத்தால் நசுக்கக் கூடாது. காதுத் துளையில் பஞ்சை மெதுவாக வைத்துவிட்டு, காலிலிருந்து தொடங்கி மேல் நோக்கி நனையுங்கள். ஷாம்புவைக் கழுத்தைச் சுற்றி வளையமாக முதலில் தேய்த்தால், உடலில் உள்ள தெள்ளுப்பூச்சிகள் முகத்துக்கும் காதுக்கும் ஏறாமல் தடுக்கலாம். கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் பெரும்பாலும் 10 நிமிடம் வரை உடலில் ஊற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நாயைப் பொறுமையாக நிற்க வைப்பதற்குத்தான் நல்ல தரையும் தயிரும் தேவைப்படுகின்றன. முகத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஈரத் துணியால் துடைப்பதே போதும்.

அலசுவதற்கு, தேய்த்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் வழவழப்பு சிறிதும் இருக்கக் கூடாது. தோலில் தடவும் உண்ணிச் சொட்டு மருந்து போடுவதாக இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் 2 நாட்களுக்குக் குளியல் வேண்டாம். உடல்நலம் நன்றாக உள்ள நாய்க்கு மாதம் ஒரு முறை குளியலே போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் இயற்கையான எண்ணெய் போய்விடும்.

உலர்த்துதல்

நம் ஊரின் ஈரக் காற்றில் தோல் நோய்கள் பலவும் தொடங்குவது குளியலுக்குப் பிறகு சரியாகக் காயாத முடியிலிருந்துதான். மேடையை விட்டு இறக்குவதற்கு முன்பே ஒரு துண்டைப் போர்த்தி அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நீள முடி சிக்காகும். காதுப் பஞ்சை மறக்காமல் எடுத்துவிட்டு, காது மடலின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். இரண்டாவது துண்டால் விரல் இடுக்குகளையும் அடிவயிற்றையும் துவட்டுங்கள். பிறகு மண்ணில் புரளாத ஓர் இடத்தில், காலை வெயிலில், கூடவே நிழலுக்கு ஒதுங்கும் வசதியோடு உலாவ விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை நம்ப முடியாது. அப்போது மின்விசிறியும், சூடு குறைந்த நிலையில் வைத்த உலர்த்தும் கருவியும் வேண்டும். கருவியை ஒரே இடத்தில் நிறுத்தாமல், உங்கள் கையையும் அந்தக் காற்றில் வைத்துக்கொண்டே நகர்த்தினால் தோல் சுடாது. அதற்கும் வழியில்லாத வாரத்தில் குளியலைத் தள்ளிப்போட்டு, ஈரத் துணியால் துடைத்துவிடுவதே சிறந்தது.

இடத்தைப் பராமரித்தல்

ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ரப்பர் விரிப்பைத் தூக்கிக் கழுவி, வெயிலில் தொங்க விடுங்கள். அதைத் தரையிலேயே விட்டுவிட்டால் அடியில் பாசி பிடித்து, வழுக்காத தரையே வழுக்கும் தரையாகிவிடும். ஜல்லடையில் உள்ள முடியை அன்றே அகற்றுங்கள். தரையைக் கழுவ நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்தலாம். கழுவிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் காய விட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு வெளிவரும். பினாயில் வேண்டாம், காய்ந்த தரையில் எஞ்சியிருப்பதுகூட நாயின் பாதத்தில் ஒட்டி, அது நக்கும்போது உள்ளே செல்லும்.

ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசியில் மழை தொடங்கும் முன், மேடையையும் சுவரையும் டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கோடை வெயிலில் விரிந்த வெடிப்புகளில் உண்ணிகள் கூட்டமாக ஒளிந்திருந்தால் அப்போது தெரியும். அவற்றை நாய் அருகில் இல்லாத நேரத்தில் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தால் அழித்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகு சிமெண்டு பாலால் வெடிப்பை அடைத்துவிட வேண்டும். வளையங்களையும் இழுத்துப் பார்த்து, ஆட்டம் கண்டிருந்தால் அன்றே மறுபடி பதித்துவிடுங்கள்.